ஒரே எழுத்தில் தொடங்கினால் உறவாகுமா?

ஆங்கில அகராதியில் ‘எஸ்’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சின்னச் சொற்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ‘ஸ்னோர்’ என்றால் குறட்டை. ‘ஸ்னிஃப்’ என்றால் மோந்து பார்த்தல். ‘ஸ்னீஸ்’ தும்மல். ‘ஸ்னார்ட்’ மூக்கால் சீறுவது. ‘ஸ்னவுட்’ பன்றியின் நீண்ட மூஞ்சி. ‘ஸ்னாட்’ சளி. ‘ஸ்னஃப்’ மூக்குப்பொடி. எல்லாம் மூக்கைச் சுற்றியே நிற்கின்றன. இன்னும் சில பக்கங்கள் தள்ளி ‘ஜி’, ‘எல்’ வரிசைக்குப் போனால் ‘கிளோ’, ‘கிளீம்’, ‘கிளிட்டர்’, ‘கிளின்ட்’, ‘கிளிம்மர்’ என்று ஒளியும் மினுக்கமும் நிறைந்த ஒரு கூட்டம் காத்திருக்கிறது.

தமிழிலும் இப்படி உண்டு. மூக்கு, மூச்சு, மூஞ்சி, முகர்தல், மோப்பம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் சொற்கள். எல்லாமே மகரத்தில் தொடங்குகின்றன.

அப்படியானால் முதல் எழுத்திலேயே பொருள் ஒளிந்திருக்கிறதா? அவசரப்பட வேண்டாம். ஆங்கிலத்தில் ‘ஸ்னோ’ பனி, ‘ஸ்னேக்’ பாம்பு, ‘ஸ்னெய்ல்’ நத்தை. இவற்றுக்கும் மூக்குக்கும் தொடர்பில்லை. ‘கிளவ்’ என்ற கையுறையும் ‘குளூ’ என்ற பசையும் மினுங்குவதில்லை. தமிழிலும் முயலும் மூங்கிலும் முறமும் மூக்கோடு சேராதவை.

ஒரே ஒலியில் தொடங்கும் சொற்கள் பொருளிலும் நெருங்கி நிற்க மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒரே வேரிலிருந்து பிறந்திருக்கலாம். வெவ்வேறு வேரில் பிறந்து, பிறகு ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கலாம். அல்லது தற்செயலாக அருகருகே வந்திருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்தறிவதுதான் சொல்லாய்வின் கடினமான வேலை; அதன் அழகும் அங்கேதான் இருக்கிறது. இந்த வேலைக்குத் தாமிரபரணிச் சீமை இரண்டு பெரிய உழைப்பாளிகளைத் தந்திருக்கிறது. ஒருவர் கடல் கடந்து வந்து இங்கே வாழ்ந்தவர். மற்றவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்.

பிறப்பால் வந்த உறவு

முதலில் இரத்த உறவைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இரண்டைக் குறிக்கும் ‘டூ’ என்ற சொல்லின் நடுவே ‘டபிள்யூ’ எதற்கு என்று பாளையங்கோட்டைப் பள்ளிகளில் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், அது நியாயமான கேள்வி. ஒலிக்காத அந்த எழுத்து ஒரு குடும்ப அடையாளம். ‘ட்வின்’ இரட்டைப் பிள்ளை; ‘ட்வைஸ்’ இருமுறை; ‘ட்வென்டி’ இரண்டு பத்து; ‘ட்வெல்வ்’ பத்து போக மிஞ்சிய இரண்டு; ‘ட்வைன்’ இரண்டு இழை சேர்த்து முறுக்கிய கயிறு. எல்லாம் ‘இரண்டு’ என்ற ஒரே பழைய வேரின் பிள்ளைகள். நம்முடைய இரண்டு, இரட்டை, இருபது, இருவர் போன்ற குடும்பம் அது. ‘டூ’ மட்டும் காலப்போக்கில் நடுவிலிருந்த ஒலியை இழந்துவிட்டது. எழுத்து இன்னும் நினைவு வைத்திருக்கிறது.

இன்னொரு குடும்பம் ‘டபிள்யூ’, ‘ஆர்’ என்று தொடங்குவது. ‘ரிங்’ என்றால் துணியைப் பிழிவதுபோல் முறுக்குதல். ‘ரெஞ்ச்’ திருகி இழுத்தல். ‘ரீத்’ வளைத்துக் கட்டிய மலர்வளையம். ‘ரிஸ்ட்’ திரும்பும் மூட்டாகிய மணிக்கட்டு. ‘ராங்’ என்றால் தவறு. ஆனால் அதன் பழைய பொருள் கோணியது, முறுக்கியது. இன்று முன்னால் நிற்கும் ‘டபிள்யூ’ ஒலிப்பதில்லை. குழந்தைகள் அதை மனப்பாடம் செய்து அலுத்துப்போகிறார்கள். ‘இந்த எழுத்தைப் பார்த்தால் ஏதோ திரும்புகிறது என்று நினைத்துக்கொள்’ என்று ஆசிரியர் ஒரு வரி சொன்னால் போதும், பாதிச் சுமை இறங்கிவிடும்.

தமிழில் இதற்கு நிகரான குடும்பம் ‘திரி’. திரிதல், திரும்புதல், திருப்புதல், திருகுதல் எல்லாம் சுழற்சியைச் சொல்கின்றன. பஞ்சை முறுக்கினால் விளக்குத் திரி. சுற்றி அரைக்கும் கல் திரிகை. நெல்லைப் பேச்சில் திருவை. சொல்லோ பொருளோ கோணிப்போனால் திரிபு. ஆங்கிலத்தின் ‘ராங்’ போலவே தமிழும் திருகலிலிருந்து தவறுக்குப் போயிருக்கிறது. இரண்டு மொழிகளும் ஒன்றிடம் ஒன்று கடன் வாங்கவில்லை. நேரானதைச் சரி என்றும் கோணியதைத் தவறு என்றும் காணும் மனித மனம் இரண்டு இடத்திலும் ஒரே வழியில் நடந்திருக்கிறது.

இந்தச் சொற்கள் ஒரே வேரின் பிள்ளைகள் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? ஒலி ஒற்றுமை மட்டும் போதாது. இரண்டு சான்றுகள் வேண்டும். ஒன்று, வேரோடு ஒட்டும் உறுப்புகள் ஒழுங்காக வர வேண்டும். ‘திரு’வோடு ‘கு’ சேர்ந்தால் திருகு. ‘ம்பு’ சேர்ந்தால் திரும்பு. ‘ப்பு’ சேர்ந்தால் திருப்பு. இதே உறுப்புகள் வேறு வேர்களிலும் இதே வேலையைச் செய்கின்றன: நிரம்பு, நிரப்பு; எழும்பு, எழுப்பு. இரண்டாவது, உடன்பிறந்த மொழிகள் சாட்சி சொல்ல வேண்டும். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘திருகு’ என்றால் சுற்றுதல், திரும்புதல். இத்தனை மொழிகளில் ஒரே ஒலி ஒரே பொருளோடு ஒழுங்காக நிற்கும்போது அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

இந்த முறையைத் தென்னிந்திய மொழிகளுக்கு விரிவாகப் பயன்படுத்தியவர் ராபர்ட் கால்டுவெல். 1814இல் அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் படித்து, 1838இல் சென்னையில் கால் வைத்தவர். 1841 முதல் திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, செம்மண் தேரிக்காட்டை அடுத்த இடையன்குடியில் வாழ்ந்தார். பனையேறிகளின் ஊரில் பள்ளியும் கோயிலும் கட்டிக்கொண்டே அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. விரித்தெழுதிய இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதைச் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இலேயே எழுதியிருந்தார். ஒலி, வேர், வேற்றுமை, எண்ணுப்பெயர், வினை என்று ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்து, அந்த உறவைப் பெரும் நூலாக நிறுவிக் காட்டியவர் கால்டுவெல். வேரோடு சேரும் சிறிய உறுப்புகள் பொருளை எப்படி நுட்பமாக மாற்றுகின்றன என்பதை அவர் கூர்ந்து கவனித்தார். அந்தக் கவனிப்பை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி போன்ற மொழியியலாளர்கள் மேலும் துல்லியமாக்கினார்கள்.

பழக்கத்தால் வந்த உறவு

இனி இரண்டாவது வகை. ஆங்கிலத் தும்மலின் கதை இதற்குச் சிறந்த சான்று. பழைய ஆங்கிலத்தில் தும்மலைக் குறித்த சொல் ‘எஸ்’ஸில் தொடங்கவில்லை, ‘எஃப்’, ‘என்’ என்று தொடங்கியது. அந்தத் தொடக்கம் மொழியிலிருந்து மறைந்துபோனபோது, நிலையிழந்த அந்தச் சொல் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘ஸ்னீஸ்’ ஆகி, ‘எஸ்’, ‘என்’ கூட்டத்தில் வந்து சேர்ந்தது. குறட்டையும் மோப்பமும் ஏற்கெனவே அங்கே இருந்தன. மூக்கு வேலையைச் சொல்லும் சொல்லுக்கு அந்த ஒலி பொருத்தமாகக் காதில் விழுந்திருக்கிறது.

எதிர்த் திசையிலும் நடக்கும். ‘கிளாட்’ என்றால் இன்று மகிழ்ச்சி. பழைய ஆங்கிலத்தில் அது பளபளப்பையும் குறித்தது. ஒளிக் குடும்பத்தில் பிறந்த சொல், முகமலர்ச்சி வழியாக மனமகிழ்ச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பிறந்தவை பிரிவதும் பிறவாதவை சேர்வதும் சொல்லுலகில் அன்றாட நிகழ்ச்சி.

இந்தக் கூட்டங்களை ஆங்கிலேயர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டார்கள். கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1653இல் எழுதிய ஆங்கில இலக்கணத்தில், தொடக்க ஒலிகளையும் அவை தரும் பொருளையும் பட்டியலிட்டார். 1930இல் ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் இவற்றுக்கு ‘ஃபோனஸ்தீம்’ என்று பெயரிட்டார். தனியாகப் பிரித்தால் சொல்லாகாத, ஆனால் பொருளின் சாயலை ஏந்தும் ஒலித்துண்டு என்று அதை விளக்கலாம்.

அந்தச் சாயல் உண்மையிலேயே மனத்தில் இருக்கிறதா, பட்டியல் போடுபவர்களின் கற்பனையா? 2004இல் மொழியியலாளர் பெஞ்சமின் பெர்கன் ஒரு சோதனையை வெளியிட்டார். திரையில் ஒரு சொல்லை ஒரு நொடியின் சிறு பகுதி நேரம் காட்டி, அடுத்து வருவது சொல்லா, வெறும் எழுத்துக் கோவையா என்று கேட்டார். ‘கிளிட்டர்’ பார்த்தவர்கள் ‘கிளோ’வை விரைவாக அடையாளம் கண்டார்கள். ஒலி மட்டும் ஒத்த சொற்களுக்கு அந்த வேகம் இல்லை. பொருள் மட்டும் ஒத்த சொற்களுக்கும் இல்லை. இரண்டும் சேர்ந்து, பல சொற்களில் திரும்பத் திரும்ப வந்தால்தான் அந்த உதவி கிடைத்தது. மனம் தன்னையறியாமல் கணக்கு வைத்துக்கொள்கிறது. எந்த ஒலியோடு எந்தப் பொருள் அடிக்கடி வருகிறது என்று பேச்சைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்கிறது.

சொரசொரவும் வழவழவும்

தமிழில் இந்த ஒலிக்கூறுகளைச் சொல்லின் தொடக்கத்தில் மட்டும் தேடினால் ஏமாந்துபோவோம். தமிழ்ச் சொல் மெய்யெழுத்துக் கூட்டத்தில் தொடங்காது. ழ, ள, ற, ண போன்றவை முதலில் வரவே வராது. தொல்காப்பியம் மொழிமுதல் எழுத்துகளைத் தெளிவாக வரையறுத்துவிட்டது. ஆகவே ஆங்கிலம் வாசலில் வைக்கும் ஒலியைத் தமிழ் வீட்டுக்குள் இரண்டாம் எழுத்தில் வைத்திருக்கிறது. அதற்கு இரட்டைக்கிளவிகளைக் கேட்க வேண்டும்.

சொரசொர, கரகர, பரபர, நறநற. சுண்ணாம்பு பெயர்ந்த சுவர், கட்டிப்போன தொண்டை, நாவில் படும் மணல் என எல்லாமே உராய்வுகள். இவற்றோடு கரடு, முரடு, பரல், சரளை, உரசல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரகரமும் றகரமும் விடாமல் வருகின்றன. மறுபுறம் வழவழ, கொழகொழ, மழமழ. இவற்றோடு வழுக்கு, நழுவு, குழைவு, கூழ், கொழுப்பு. நெய் சொட்டும் திருநெல்வேலி அல்வா தொண்டையில் இறங்கும் விதத்தைச் சொல்ல வேண்டுமானால் இந்த ழகரக் கூட்டத்திலிருந்துதான் சொல் எடுப்போம். சொரசொர பக்கம் போகவே மாட்டோம்.

ரகரத்தைப் பற்றிய என் பேச்சு வெறும் ஊகம் அல்ல. 2022இல் மொழியியலாளர் போடோ விண்டரும் அவரது குழுவினரும் 332 மொழிகளில் சொரசொரப்புக்கும் வழுவழுப்புக்கும் உள்ள சொற்களைத் தொகுத்து ஒப்பிட்டார்கள். நாக்கை அதிரவைக்கும் ரகரம் உள்ள மொழிகளில், கரடுமுரடைச் சொல்லும் சொற்களில் அந்த ஒலி வழுவழுப்புச் சொற்களைவிட மிகுதியாக இருந்தது. காரணமும் எளிது. அந்த ஒலியை எழுப்பும்போது நுனிநாக்கு மேலண்ணத்தில் விட்டு விட்டு மோதுகிறது. கரடான பரப்பில் விரலை இழுத்தாலும் அதே விட்டுவிட்டுத் தட்டும் உணர்வுதான். ழகரத்துக்கு நாக்கு எதிலும் முட்டாமல் மடங்கிச் செல்கிறது; காற்று தடையில்லாமல் வழிகிறது. ஆனால் ழகரத்துக்கு அத்தகைய பன்மொழிச் சான்று இல்லை. அது சில மொழிகளுக்கே உரிய ஒலி. மழை, கோழி, ஏழு ஆகியவற்றில் வழுக்கலும் இல்லை. தமிழுக்குள் ழகரக் கூட்டம் எவ்வளவு வலுவானது என்பதை எண்ணிப் பார்த்தே சொல்ல வேண்டும்.

இரட்டைக்கிளவி தமிழுக்கு மட்டும் உரிய சொத்தும் அல்ல. தெலுங்கும் இந்தியும் வங்காளமும் சந்தாலியும் இதைப் பகிர்ந்துகொள்கின்றன. எமனோ என்ற அமெரிக்க அறிஞர் 1969இல், ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்திய நிலப்பரப்பு முழுவதற்கும் பொதுவான ஒரு மொழிக்கூறு என்று காட்டினார். தாமஸ் பரோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை 1961இல் தந்தவரும் அவர்தான்.

மொழி கடந்த ஒலி

ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள இந்தத் தொடர்பு எல்லா மனிதருக்கும் பொதுவா? 1929இல் உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் ஒரு முனைமுனையான உருவத்தையும் ஒரு வளைவளைவான உருவத்தையும் காட்டி, ‘தகேத்தே’ எது, ‘பலுமா’ எது என்று கேட்டார். பெரும்பாலோர் முதல் சொல்லை முனை உருவத்துக்கே தந்தார்கள். அதே 1929இல் மொழியியலாளர் எட்வர்ட் சபீர், ‘மில்’, ‘மல்’ என்ற இரண்டு பொய்ச்சொற்களைத் தந்து சிறிய மேசை எது, பெரிய மேசை எது என்று கேட்டார். இகரம் சிறியதற்கும் அகரம் பெரியதற்கும் போயின.

தமிழர்களையும் இந்தச் சோதனைக்குள் கொண்டுவந்தவர் நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன். 2001இல் அவரும் எட்வர்ட் ஹப்பர்டும் ‘பூபா’, ‘கிக்கி’ என்ற பெயர்களால் அதைப் புகழ்பெறச் செய்தார்கள். ஆங்கிலம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே வகையாகவே பதில் சொன்னார்கள். 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று 25 மொழிகள் பேசும் 917 பேரிடம் இதைக் கேட்டது. சுமார் 72 விழுக்காட்டினர் எதிர்பார்த்தபடி பொருத்தினார்கள். பூபாவுக்கு உதடு குவிகிறது. கிக்கிக்கு நாக்கு வெட்டிவெட்டி நிற்கிறது. எழுத்தின் வடிவம் வேறான மொழிகளிலும் முடிவு மாறவில்லை.

2016இல் மொழியியலாளர் டமியான் பிளாசியும் அவரது குழுவினரும் உலக மொழிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் அடிப்படைச் சொற்களைக் கணினியில் ஒப்பிட்டார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகளிலும் மூக்கைக் குறிக்கும் சொற்களில் நகர ஒலி எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்தது. நகரமும் மகரமும் மூக்கின் வழியே காற்றை விட்டு எழுப்பும் ஒலிகள். மூக்கால் பிறக்கும் ஒலியை மூக்குக்கே பெயராக வைத்திருக்கிறார்கள் மனிதர்கள்! தமிழ் மூக்கு, மோப்பம் ஆகிய சொற்களும் மூக்கொலியிலேயே தொடங்குகின்றன. பரோவும் எமனோவும் தங்கள் அகராதியில் மூக்கையும் மோத்தலையும் வெவ்வேறு பதிவுகளாகவே வைத்தார்கள். ஒரே வேர் என்று நிறுவ முடியாத இடத்திலும் ஒலியின் பொருத்தம் நிற்கத்தான் செய்கிறது.

ஒலியின் இழுப்பு

இந்த இழுப்பு வலுவானது. தேர்ந்த அறிஞரையும் அது விடுவதில்லை.

அன்று நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்தவர் தேவநேயப் பாவாணர். தமிழ்ச் சொற்களின் வேரைத் தேடுவதையே வாழ்வாகக் கொண்டவர். 1974இல் தமிழக அரசின் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்குத் தலைமையேற்று, 1981இல் மறையும்வரை அந்த வேலையிலேயே இருந்தார். 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அவருடைய நூல்கள் பலவற்றை வெளியிட்டது. உகரச் சுட்டிலிருந்து உல், குல், சுல், துல், நுல், புல், முல் என்று மூல வேர்கள் கிளைத்தன என்பது அவர் கொள்கை. முன், முனை, முளை, முகம், மூக்கு போன்றவை ‘முன்னிற்றல்’ என்ற கருத்தில் ஒன்றுகூடுகின்றன என்றார். சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான சொற்களைப் பொருள் உறவால் கோத்த அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒரு கிராமத்துச் சொல்லையும் தள்ளாமல் தொகுத்தவர் அவர்.

ஆனால் தமிழுக்குள் மட்டும் பார்த்து வேரைக் குறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் இணைக்கலாம். அங்கே உடன்பிறந்த மொழிகளின் சாட்சி தேவைப்படுகிறது. இன்றைய மொழியியல் பாவாணரின் பல இணைப்புகளை ஏற்காததற்கு இதுவே காரணம். கால்டுவெலுக்கும் இதே கதிதான். திராவிட மொழிகளை நடு ஆசியாவின் ‘சித்திய’ மொழிகளோடு உறவுபடுத்த அவர் எடுத்த முயற்சியைப் பின்வந்தவர்கள் கைவிட்டார்கள். ஆனால் இருவரும் விட்டுச்சென்ற செய்முறையும் சொற்குவியலும் இன்றும் பயன்படுகின்றன.

ஒலி எப்படி ஏமாற்றும் என்பதைப் பார்க்க எட்டையும் ‘எய்ட்’டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியும் ஒன்று, எண்ணும் ஒன்று. உறவு என்றே தோன்றும். எண்பதைப் பார்த்தால் நம்முடைய எட்டின் வேர் ‘எண்’ என்று தெரிகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘எய்ட்’டின் நடுவே தொண்டையில் உரசும் ஒரு ககர ஒலி இருந்தது, லத்தீனில் அது ‘ஆக்டோ’. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உண்மையான உறவு பின்னோக்கிப் போகும்போது நெருங்க வேண்டும். ஒன்றும் ‘ஒன்’னும் எட்டைப் போலவே விலகுகின்றன: ஆங்கிலச் சொல் பழைய நாளில் ‘ஆன்’ என்றே ஒலித்தது.

சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்திருக்கிறார். காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பார்த்தவுடன் தெரியாது என்றார். இருபதாம் நூற்றாண்டில் மொழியியலாளர் சொசூர் ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறியே என்றார். இப்போது நடக்கும் ஆய்வுகள், பெரும்பகுதி இடுகுறி, ஒரு சிறு பகுதி காரணத்தோடு கூடியது என்று காட்டுகின்றன. தொல்காப்பியரின் அளவான சொல் இந்த இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறது.

நாமே சோதிக்கலாம்

ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கூட்டம் ஒன்று கண்ணில் பட்டால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இச்சொற்களின் பழைய வடிவங்கள் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா? உடன்பிறந்த மொழிகளில் இதே ஒலி இதே பொருளோடு வருகிறதா? யாராவது கடன் வாங்கினார்களா? அதே எழுத்தில் தொடங்கி, கூட்டத்தில் சேராத சொற்கள் எத்தனை? நான்காவது கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சேர்ந்த சொற்களை மட்டும் எண்ணினால் எந்தக் கொள்கையும் வென்றுவிடும்.

இந்தக் கேள்விகளுக்கான சரக்கு நெல்லைச் சீமையில் நிறையக் கிடக்கிறது. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றோரம் வயலிலும் சந்தையிலும் அடுக்களையிலும் பேசப்படும் ஒலிக்குறிப்புச் சொற்களில் பல இன்னும் எந்த அகராதியிலும் ஏறவில்லை. துணி நனைந்தால், சோறு குழைந்தால், பனங்கற்கண்டு வாயில் நொறுங்கினால், குழந்தை சிணுங்கினால் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு குறிப்பேடு எடுத்து, சொல்லையும் அது எந்தத் தருணத்தில் வருகிறது என்பதையும் எழுதினால், ஆய்வாளர்களுக்கு இல்லாத ஒரு தரவு உருவாகும். ஆங்கிலச் சொற்களைக் கூட்டம் கூட்டமாகக் கற்கும் அதே பிள்ளைகள், தங்கள் பேச்சிலும் அத்தகைய கூட்டங்கள் இருப்பதைக் கண்டுகொள்வார்கள். இரண்டு மொழியும் அவர்களுக்கு மனப்பாடச் சுமையாக இல்லாமல், காரணம் தேடும் பாடமாக மாறும். இடையன்குடியில் வாழ்ந்த ஒருவரும் சங்கரன்கோவிலில் பிறந்த இன்னொருவரும் தொடங்கிவைத்த வேலை அது. அவர்களுக்குக் கிடைக்காத பதிவுக்கருவியும் கணினியும் நம் கையில் இருக்கும்போது அதைத் தொடராமல் விடுவது நியாயமில்லை.